பிள்ளைக்குப் பேர் வைக்கப் போகிறவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு உறவுகளே. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் பிள்ளை பிறக்க இருக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள். யாருடைய மனதையும் நோகடிக்க எழுதவில்லை. இதில் பெரிய பிழை விட்டவர்கள் நாங்களே என்பதைக் கடைசிவரை வாசித்தால் விளங்கும்.

ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிற எங்களுக்கு ஒவ்வொரு வருடமும் முதல் கிழமை இடாப்பு எழுதுவதிலேயே போய்விடும். பிறப்புச் சான்றிதழைப் பார்த்துத் தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை எழுத வேண்டும். இந்த வருடம் தரம் ஒன்றில் முதல் நாள் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தோம். ஒரு பேருக்குப் பதில் இல்லை. மூன்று தரம் கூப்பிட்டும் இல்லை. கடைசி வாங்கில் ஒரு மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பக்கத்துப் பிள்ளைதான் சொன்னார்: "டீச்சர், அவன்ட பேர் அது இல்ல. அவன் குட்டி."

ஐந்து வயது வரை அந்தப் பிள்ளை தன் பேரைக் கேட்டதே இல்லை. பின்னேரம் கூட்டிப்போக வந்த உம்மாவிடம் கேட்டோம். "டேர்க்கி நாடகத்தில வாற பேர் டீச்சர். அவங்கட வாப்பாக்குச் சரியான விருப்பம். எங்களுக்கு வாயில வருதில்ல, அதான் குட்டி எண்டு கூப்பிடுறம்" என்றார்.

பேர் எர்துக்ருல். 2020 நோன்பு காலத்தில் பாதி உலகமே வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது எங்கள் ஆட்களும் விடிய விடியப் பார்த்த நாடகம். அந்தப் பேரில் ஒரு குற்றமும் இல்லை. துருக்கிக்காரர் நாவுக்கு அது லேசு. எங்கள் வகுப்பில் ஒரு கிழமைக்குள் அது "எட்டுக் குரல்" ஆகிவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சரித்திரத்தில் அந்த எர்துக்ருலின் மகன் பேர் ஒஸ்மான். அது அரபியில் உஸ்மான். எங்கள் மூத்தவர்கள் நாவில் உதுமான். வாயில் நுழையாத பேரைத் தேடித் துருக்கி வரை போன எங்களுக்கு, அதே குடும்பத்துப் பேர் ஒன்று சோனகத் தெருவில் எத்தனையோ தலைமுறையாக இருப்பது ஞாபகம் வரவில்லை.

சரி, எங்கள் இடாப்பில் என்னென்ன வகைப் பேர்கள் வருகின்றன என்று பார்ப்போம்.

முதலாவது, ஓசைக்கு வைக்கிற பேர். மூத்தவர் ரிஸ்லான் என்றால் அடுத்தவர் ரிஸ்கான், அதற்கடுத்தவர் ரிம்ஸான், கடைசித் தங்கச்சி ரிஸ்லியா. வாப்பாவின் பேரில் முதல் எழுத்து, உம்மாவின் பேரில் கடைசி எழுத்து, நடுவில் ஒரு ஸ். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. பொருள் கேட்டால் போனை எடுத்துக் காட்டுவார்கள். இணையத்தில் எந்தப் பேரைத் தட்டினாலும் வருகிற பொருள் மூன்றுதான்: ஒளி, அழகு, சுவர்க்கத்துப் பூ. அரபு தெரிந்த ஒருவரிடம் காட்டினால் அவர் தலையைச் சொறிவார்.

இரண்டாவது, குர்ஆனில் இருந்து எடுத்தோம் என்று சொல்லி வைக்கிற பேர். நிய்யத் நல்லது. ஆனால் குர்ஆனில் பிர்அவ்னும் இருக்கிறான், அபூலஹபும் இருக்கிறான். ஓதும்போது காதுக்கு இனிமையாக விழுகிற எல்லாச் சொல்லும் பேர் ஆகாது. ஸனீம் என்று ஒரு சொல், கேட்டால் நஸீம், ஸலீம் மாதிரி இருக்கும். அல்கலம் அத்தியாயத்தின் 13 ஆவது வசனத்தில் இழிபிறப்பான, கெட்ட ஒருவனைச் சொல்ல வந்த சொல் அது. அப்தர் என்பதும் அப்படித்தான். கவ்ஸர் அத்தியாயத்தில் சந்ததியற்றுப் போனவனைக் குறிக்கிற சொல். இதைப் பிள்ளைக்கு வைத்தால் துஆவா, சாபமா?

மூன்றாவது, அரைப் பேர். அப்துல் என்றால் "இன்னாருடைய அடியான்". யாருடைய என்பது பின்னால் வர வேண்டும். அப்துல் என்று மட்டும் கூப்பிட்டால் வசனம் பாதியில் நிற்கிறது. நூருல், ஷம்சுல் எல்லாம் அதே கதை. அப்துர் ரஹ்மானை வெறும் ரஹ்மான் என்று சுருக்குவது அதைவிட யோசிக்க வேண்டியது. இது புதுப் பழக்கம் அல்ல என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வண்ணார்பண்ணையில் 1911 இல் பிறந்து, இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிமாகி, பிறகு கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்த எங்கள் ஊர்ப் பெருமகனின் பேர் அப்துல் அஸீஸ். நாடு முழுக்க அவரை அஸீஸ் என்றே சொன்னது. நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம்.

நாலாவது, எல்லாருக்கும் ஒரே முதல் பேர். ஆண் பிள்ளை என்றால் மொஹமட், பெண் பிள்ளை என்றால் பாத்திமா. பரக்கத்துக்கு வைக்கிறோம், அதில் பேச்சே இல்லை. ஆனால் வாப்பாவின் இரண்டு எழுத்தும் பாத்திமாவின் எழுத்தும் சேர்ந்து எல்லாருக்கும் எம்.ஆர்.எப்., எம்.என்.எப். என்றே வரும். அதன் பிறகு வருகிற பேரும் ஒன்றாகிவிட்டால் புள்ளிப் பட்டியலில் எந்தப் பிள்ளை எது என்று நாங்கள் படுகிற பாடு கொஞ்சமில்லை. ஒரு தவணை இரண்டு பிள்ளைகளின் கணிதப் புள்ளி மாறிப்போய், ஒரு வீட்டில் பிரம்படி, இன்னொரு வீட்டில் வட்டிலப்பம்.

இது எங்கள் சமூகத்துக்கு மட்டும் வந்த வருத்தம் என்று நினைக்க வேண்டாம். கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் எங்களோடு படித்த இந்துத் தோழி ஒருவர் தன் அக்காவின் பிள்ளைக்குப் பேர் தேடிய கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். அவர்களுக்கு நட்சத்திரத்தின் பாதத்தைப் பார்த்து முதல் எழுத்து வரும். அச்சுவினி என்றால் சு, சே, சோ, லா. பிள்ளை பிறந்தது திருவாதிரையில், கிடைத்த எழுத்து ங. "ங வில யாரப்பா பேர் வைக்கிறது?" என்று தாத்தா தலையில் கைவைத்தாராம். அதற்கு மேலே எண் சாத்திரக்காரர் வந்து ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தைக் கூட்டிவிட்டுப் போவார். இன்றைக்கு யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் ஷன், ஷா, ஜன் என்று முடிகிற, அகராதியில் இல்லாத பேர்கள் எத்தனை!

தமிழ்நாட்டில் கலைஞர் கருணாநிதியின் மகன் பிறந்தது 1953 மார்ச் 1 ஆம் திகதி. மார்ச் 5 ஆம் திகதி ரஷ்யத் தலைவர் ஸ்டாலின் மௌத்தானார். பிள்ளைக்கு அந்தப் பேரை வைத்துவிட்டார்கள். பிரான்ஸில் ஒரு தாய் தகப்பன் பாணில் பூசுகிற நுட்டெல்லாவின் பேரைப் பிள்ளைக்கு வைக்க, பிள்ளையைக் கேலி செய்வார்கள் என்று நீதிமன்றம் தலையிட்டு எல்லா என்று மாற்றியது 2015 இல் செய்தியாக வந்தது. 1990, 91 வளைகுடா யுத்த நேரத்தில் முஸ்லிம்கள் வாழ்கிற ஊர்களில் எத்தனை சதாம்கள் பிறந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆசையில், கோபத்தில், பக்தியில் வைக்கிறோம். சுமக்கிறது பிள்ளை.

இனி எங்களுக்கென்றே இருக்கிற பெரிய சிக்கலுக்கு வருவோம். எழுத்து.

அரபியில் ஸ மாதிரி ஒலிக்கிற எழுத்துக்கள் பல. ஸீன், ஸாத், ஸே, ஸே என்றே எங்கள் வாயில் வருகிற இன்னும் சில. தமிழில் எழுதும்போது எல்லாம் ஒரே ஸ வுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். ஆஸிம் என்றால் பாதுகாப்பவர், நல்ல பேர். வேறு எழுத்தில் எழுதினால் ஆஸிம் பாவம் செய்தவன். கல்பு ஒரு எழுத்தில் இதயம், இன்னொரு எழுத்தில் நாய். ஸாஹிர் ஒரு எழுத்தில் ஒளிர்கிறவர், இன்னொரு எழுத்தில் சூனியக்காரர். ஸாஹிராக் கல்லூரி என்று தமிழில் எழுதியதைப் பார்த்து யாரும் சூனியக்காரியின் கல்லூரி என்று நினைப்பதில்லை. ஏனென்றால் எந்த ஸாஹிரா என்று எல்லோருக்கும் தெரியும். பேரின் பொருள் தமிழ் எழுத்தில் இல்லை, வைத்தவர் மனதில் இருக்கிறது. இந்த ஒரு விடயம் எங்களுக்கு அன்று விளங்கியிருந்தால் பின்வருவதை எழுத வேண்டி வந்திருக்காது.

நாலு வருடங்களுக்கு முன் தரம் ஒன்றுக்குச் சேர்க்க ஒரு பிள்ளையைக் கூட்டிவந்தார்கள். சான்றிதழில் பாத்திமா ஆஸியா. அந்த நேரம் வட்ஸ்அப்பில் "வைக்கக்கூடாத பெயர்கள்" என்று ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டு இருந்தது. உமர் (ரழி) அவர்களின் மகளுக்கு ஆஸியா என்று பேர் இருந்ததையும், மாறு செய்பவள் என்ற பொருள் வருவதால் நபி (ஸல்) அவர்கள் அதை ஜமீலா என்று மாற்றியதையும் அதில் வாசித்திருந்தோம். ஹதீஸ் உண்மையான ஹதீஸ்தான். அலுவலக அறையில் வேறு பெற்றோரும் இருக்க, நாங்கள் சொன்னோம்: "இது ரசூலுல்லாஹ் மாத்தின பேர் எல்லோ? எப்படி வச்சீங்க?"

அந்த உம்மாவின் முகம் போன போக்கை இப்போதும் மறக்க முடியவில்லை. தகப்பன் கூலி வேலை செய்கிறவர். அடுத்த மாதமே லீவு போட்டு அலுவலகம் அலுவலகமாக நாலைந்து நடை நடந்து, சத்தியக் கடதாசி முடித்து, பேரை மாற்றிக்கொண்டு வந்து எங்களிடம் காட்டினார். ஹதீஸில் வந்த மாதிரியே ஜமீலா. நாங்கள் மாஷா அல்லாஹ் என்று சொல்லி இடாப்பில் திருத்தினோம். நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தோம்.

பிள்ளை மட்டும் மாறவில்லை. ஜமீலா என்று கூப்பிட்டால் திரும்பிப் பின்னால் பார்ப்பார். ஒரு நாள் கொப்பியில் பேர் எழுதச் சொன்னபோது அழுதார். "அது நான் இல்ல டீச்சர்" என்றார். பழகிவிடும் என்று விட்டுவிட்டோம். முதல் மாதம் முழுக்கப் பிள்ளையைக் கூட்டிவந்து கேற்றடியில் விட்டுப்போகிற வாப்பம்மாவும் அதற்குப் பிறகு வரவில்லை. அதையும் நாங்கள் கவனிக்கவில்லை.

அடுத்த வருட நோன்பில், அரபுக் கல்லூரியில் படித்து வந்த மௌலவி ஒருவரிடம் வேறு ஏதோ பேச்சில் இந்தக் கதையைச் சொன்னோம். பெருமையாகத்தான் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு கடதாசியில் இரண்டு சொல் எழுதினார். ஒன்று அலிபில் தொடங்கி ஸீனோடு போகிறது. மற்றது ஐனில் தொடங்கி ஸாதோடு போகிறது. "நபியவர்கள் மாத்தினது இந்த ஐன் ஆஸியா. இந்த அலிப் ஆஸியா பிர்அவ்னுட மனைவி. சுவர்க்கத்துப் பெண்களில் சிறந்த நாலு பேரில் ஒருத்தர். கதீஜா, பாத்திமா, மர்யம், ஆஸியா. தமிழில எழுதினா ரெண்டும் ஒண்டுதான். அவங்க வச்சது எந்த ஆஸியா?"

எந்த ஆஸியா. நாங்கள் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அது. கேட்கவில்லை.

அடுத்த வெள்ளி பின்னேரம் அந்த வீட்டுக்குப் போனோம். வாப்பம்மா திண்ணையில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டு இருந்தார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னோம். பேரில் பிழை இல்லை, எங்களில்தான் பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றோம். அவர் சுளகைக் கீழே வைத்தார்.

"அது எங்கட உம்மாட பேர் பிள்ளை" என்றார். "தொண்ணூறில ரெண்டு மணித்தியாலத்தில போகச் சொன்னவங்கள். உம்மாவக் கையில பிடிச்சுக்கொண்டு போனம். புத்தளத்தில ஓலைக் கொட்டிலுக்குள்ளதான் மௌத்தானவ. அங்கதான் அடக்கினம். திரும்பி வரக்குள்ள கபுறத் தூக்கிக்கொண்டு வர ஏலுமா? பேரத்தான் கொண்டு வந்தம்."

கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னார்: "நீங்க படிச்ச ஆக்கள். சொன்னாச் சரியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சம்."

இந்த இரண்டாவது வசனம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

1990 ஒக்டோபர் 30 ஐ எங்கள் ஊரார் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நகை, உறுதி, பாத்திரம், எல்லாம் போனது. பிறப்புச் சான்றிதழை ஞாபகமாக எடுத்தவர்கள் எத்தனை பேர்? முகாமில் வாயால் சொன்ன பேரை எழுதுகிறவர் தன் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே தகப்பனின் பேர் மூத்த பிள்ளையின் கடதாசியில் மொகிதீன், அடுத்ததில் முகைதீன், கடைசியில் மொஹிடீன். இன்றைக்கும் காணி உறுதி மீட்க, பாஸ்போட் எடுக்க, "இந்த மூவரும் ஒருவரே" என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு திரிகிறோம். எங்களுக்குப் பேர் என்பது அழகுக்கு மட்டும் இல்லை. இந்த மண்ணில் இருந்தோம் என்பதற்குக் கையில் மிஞ்சிய சாட்சியில் அதுவும் ஒன்று.

அதனால் மூத்தவர்களின் பேரைப் "பழைய பேர்" என்று சிரிக்கிற பழக்கத்தை விடுவோம். அசனா, உசேன், கதீசா, பாத்துமா, முகியித்தீன், மீரா, நெய்னா. அரபு தெரியாமல் கெடுத்துவிட்டார்கள் என்று இப்போதைய பிள்ளைகள் சொல்கிறார்கள். கெடுக்கவில்லை, தங்கள் நாவுக்குப் பழக்கினார்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரும், முகியித்தீன் புராணம் பாடிய எங்கள் யாழ்ப்பாணத்துப் பதுறுத்தீன் புலவரும், அசனாலெப்பைப் புலவரும் தங்கள் பேரையே அப்படித்தான் எழுதினார்கள். அவர்கள் வைத்த பேருக்குப் பொருளும் இருந்தது, கூப்பிட வாயும் வந்தது.

இன்னொரு பிள்ளையின் கதையையும் சொல்லாமல் போக முடியாது. பேர் நல்லதாகவே இருந்தும் காலம் அதைக் கெடுத்துவிடுவதுண்டு. 2019 ஏப்ரல் 21 க்கு முன் ஸஹ்ரான் என்றால் ஒளி, மலர்ச்சி என்ற வேரில் வந்த அழகான பேர். ஒரே காலையில் நாடே வெறுக்கிற பேர் ஆகிவிட்டது. எங்களிடம் அப்போது எட்டு வயதில் அந்தப் பேரோடு ஒரு மகன் இருந்தார். கொழும்பு போகிற வழியில் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கியபோது, "பேர் கேட்டா ஒண்டும் சொல்லாத" என்று வாப்பா காதுக்குள் சொன்னாராம். வந்து எங்களிடம் கேட்டார்: "டீச்சர், வேற பேர் வைக்கலாமா?"

நாங்கள் என்ன சொல்வது? ஆஸியாவின் விடயத்தில் அவசரப்பட்டது அதற்குப் பிறகுதான். ஆனாலும் அன்று ஏதோ அல்லாஹ் வாயை அடக்கினான். "உன் பேரை முதல்ல வச்சது யாரு? அவங்களோட பேசிப் பாரு" என்று மட்டும் சொன்னோம். இடாப்பு கூப்பிடும்போது ஒரு நாளும் அந்தப் பேரை விழுங்காமல், குரலைத் தாழ்த்தாமல் கூப்பிட்டோம். எங்களால் முடிந்தது அவ்வளவுதான். மற்றப் பிள்ளைகள் கேலி செய்தால் விடவில்லை. குடும்பம் கடைசியில் மாற்றவில்லை. அண்மையில் அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்ப வந்திருந்தார். மீசை அரும்பியிருக்கிறது. யாரிடமும் கேட்காமல் தன் பேரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மாற்றியிருந்தாலும் பிழை சொல்லியிருக்க மாட்டோம். அது அவர்கள் முடிவு.

நபி (ஸல்) அவர்கள் பேர்களை மாற்றினார்கள் என்பது உண்மை. அலீ (ரழி) அவர்கள் தன் மகனுக்கு யுத்தம் என்று பொருள்படும் ஹர்ப் என்ற பேரை வைத்தபோது ஹஸன் என்று மாற்றினார்கள். இதை எல்லாரும் சொல்வோம். இன்னொரு சம்பவத்தைச் சொல்வது குறைவு. ஹஸ்ன் என்று ஒருவர் வந்தார். கரடுமுரடு என்று பொருள். (பார்த்தீர்களா, தமிழில் எழுதினால் இதுவும் ஹஸனும் ஏறக்குறைய ஒன்று!) நீங்கள் ஸஹ்ல், அதாவது இலகுவானவர், என்று நபியவர்கள் சொன்னார்கள். என் தகப்பன் வைத்த பேரை மாற்ற மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். பிறகு எங்கள் குடும்பத்தில் அந்தக் கரடுமுரடு போகவே இல்லை என்று அவருடைய பேரர் ஸஈத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) சொன்னதும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. நல்ல பேர் முக்கியம் என்பதற்கு இதை ஆதாரம் காட்டுவோம். சரிதான். அதே நேரம் நபியவர்கள் அவரை வற்புறுத்தவில்லை, சபையில் வெட்கப்படுத்தவில்லை என்பதும் அதே சம்பவத்தில்தானே இருக்கிறது?

ஆகவே பேர் வைக்கப் போகிறவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சில வார்த்தை.

பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். கடைசி நாள் வரை போனில் தேடிக்கொண்டு இருந்துவிட்டு, பதிவாளரின் மேசைக்கு முன்னால் நின்று முடிவு எடுக்க வேண்டாம். ஏழாம் நாளுக்குள் முடிவு செய்வது சுன்னத்தும் ஆகும், வசதியும் ஆகும்.

அரபுப் பேர் என்றால் அரபு எழுத்தில் எழுதி வாங்குங்கள். ஊரில் மௌலவிமார் இருக்கிறார்கள். ஐந்து நிமிட வேலை. அந்தக் கடதாசியைச் சான்றிதழோடு வைத்திருங்கள். நாளைக்கு எங்களைப் போல் ஒரு டீச்சர் அறியாமல் கேட்டால் காட்டலாம்.

தமிழில், ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று நீங்களே முடிவு செய்து கொடுங்கள். மொழிபெயர்ப்பவர் கையில் விட்டால் ஸைனப் ஒரு கடதாசியில் எஸ்ஸிலும் மற்றதில் இஸட்டிலும் வரும். மூத்த பிள்ளைக்கு வாப்பாவின் பேரை எழுதிய மாதிரியே இளையவருக்கும் எழுதுங்கள். 

வீட்டு வாசலில் நின்று அந்தப் பேரைப் பத்துத் தரம் சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். உங்கள் உம்மாவையும் கூப்பிடச் சொல்லுங்கள். அவர் வாயில் வராவிட்டால் பிள்ளை "குட்டி" ஆகிவிடும்.

வைத்த பேரைச் சொல்லியே பிள்ளையைக் கூப்பிடுங்கள். செல்லப் பேர் இருக்கட்டும். ஆனால் பள்ளிக்கூடத்தில்தான் தன் பேரை முதல் முதலாகக் கேட்க வேண்டும் என்ற நிலைமை வேண்டாம்.

இனி எங்களுக்கு, அதாவது ஆசிரியர்களுக்கும் உறவினருக்கும் ஊராருக்கும். வைத்துவிட்ட பேரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். உண்மையிலேயே கெட்ட பொருள் என்றால், தெரிந்தவரிடம் உறுதி செய்துகொண்டு, தாய் தகப்பனைத் தனியே கூப்பிட்டு, "எதை நினைத்து வைத்தீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். ஒரு வட்ஸ்அப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு வீட்டின் ஞாபகத்தை அழித்துவிடலாம். நாங்கள் அழித்திருக்கிறோம்.

அந்த மகள் இப்போது தரம் ஐந்து, புலமைப்பரிசிலுக்குப் படிக்கிறார். பேரைத் திரும்ப மாற்றத் தகப்பனுக்கு வசதியும் இல்லை, மனதும் இல்லை. "கடதாசியில அப்படியே இருக்கட்டும் டீச்சர்" என்று சொல்லிவிட்டார். பிள்ளையிடமே கேட்டோம். "எழுதக்குள்ள ஜமீலா எண்டு எழுதுறன். நீங்க ஆஸியா எண்டு கூப்பிடுங்க" என்றார். அப்படியே செய்கிறோம். வாப்பம்மா மீண்டும் கேற்றடிக்கு வருகிறார். எங்களைக் கண்டால் ஸலாம் சொல்வார். முன்னம் மாதிரி நின்று பேசுவதில்லை. அதற்கும் எங்களுக்குக் கோபம் இல்லை.

அன்று மௌலவி கடைசியில் சொன்ன ஒன்றை இங்கே சொல்லி முடிக்கிறோம். பிர்அவ்னின் மனைவி அல்லாஹ்விடம் கேட்டதாகக் குர்ஆனில் வருகிற துஆ, சுவர்க்கத்தில் தனக்கு ஒரு வீடு வேண்டும் என்பது. அந்தப் பேரைச் சுமந்த ஒரு மூத்த பெண், வீட்டை விட்டு இரண்டு மணி நேரத்தில் இறக்கப்பட்டு, ஓலைக் கொட்டிலில் மௌத்தானார். அல்லாஹ் அவருக்கு அந்த வீட்டைக் கொடுப்பானாக. ஆமீன் சொல்லுங்கள்.

எட்டுக் குரல் மகனைப் பற்றிக் கேட்பீர்கள். தினமும் காலையில் வகுப்பே சேர்ந்து அவருடைய பேரைச் சரியாகச் சொல்லிப் பழகுகிறோம். எர், துக், ருல். நேற்று முதல் கூப்பிடலிலேயே எழும்பி "வந்திட்டன் டீச்சர்" என்றார். அவர் உம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

எழுதியதில் பிழை இருந்தால் தனியே சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். பேர் வைக்க இருக்கிறவர்களுக்கு இதை அனுப்பி விடுங்கள்.

வஸ்ஸலாம்.